முதலிடம் இல்லாத பிளஸ் 2 முடிவுகள்

புது தில்லி: மே மாதம் பிறந்தால் தலைநகரின் பள்ளிகளில் ஒரு காலத்தில் திருவிழாக் கோலம்தான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பிளஸ் 2 முடிவுகள் வெளியாகும் நாளன்று, நாட்டில் முதலிடம் பெற்றவர் யார் என்ற பெயர் நண்பகலுக்குள் தெரிந்துவிடும். அடுத்த அரை மணி நேரத்தில் தொலைக்காட்சி வண்டிகள் அந்த வீட்டு வாசலில் நிற்கும். தாய் லட்டு ஊட்ட, தந்தை கண்ணைத் துடைக்க, அந்த மாணவியோ மாணவனோ, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தீர்கள்?" என்ற கேள்விக்கு இருபதாவது முறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் காட்சி இப்போது இல்லை. கொரோனாவால் தேர்வுகள் பாதியில் நின்ற 2020-ல் வாரியம் முதலிடப் பட்டியலை வெளியிடவில்லை. தேர்வுகள் வழக்க நிலைக்குத் திரும்பிய பிறகும் பட்டியல் திரும்பவில்லை. மாணவர்களிடையே ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்ப்பதற்காக முதலிடப் பட்டியலும், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகளும் இனி இல்லை என்று 2023 மே மாதம் முடிவுகளை வெளியிட்டபோது வாரியம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே சென்று, மொத்த மதிப்பெண்ணோ, சதவீதமோ, சிறப்புத் தகுதியோ வாரியத்தால் கணக்கிடப்படாது என்றும் விளக்கம் அளித்தது. ஒரு மாணவர் ஐந்து பாடங்களுக்கு மேல் எழுதியிருந்தால், எந்த ஐந்தைச் சிறந்தவையாகக் கொள்வது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியோ வேலை கொடுப்பவரோதான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017 மே மாதமே கைவிட்டுவிட்டது. ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. தேர்வுகளை நடத்தும் தேசிய வாரியமும் 2024-ல் இதே வழிக்கு வந்தது.

கிரீடத்தை எடுத்ததில் நியாயம் உண்டு. தேர்வில் தோல்வியடைந்ததற்காக உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் 2022-ல் மட்டும் 2,248 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவண அமைப்பின் அறிக்கை. ஆனால் கிரீடம் போன இடத்தில் என்ன வைக்கப்பட்டது, பன்னிரண்டு ஆண்டு உழைப்பை நாடு இப்போது எந்த வடிவில் அங்கீகரிக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

499-ல் முட்டிய ஓட்டம்

முதலிடம் அர்த்தம் இழந்தது அறிவிப்பால் அல்ல. அதற்கு முன்பே மதிப்பெண்கள் அதைச் செய்துவிட்டன. சி.பி.எஸ்.இ. பிளஸ் 2-ல் 500-க்கு முதலிடம் பெற்றவர் எடுத்தது 2016-ல் 497. 2017-ல் 498. 2018-ல் 499. 2019-லும் 499, அதுவும் இரண்டு மாணவியர், இருவரும் உத்தரப் பிரதேசப் பள்ளிகளில் கலைப் பிரிவு படித்தவர்கள். அதற்கு மேல் ஏற ஒரே ஒரு மதிப்பெண்தான் மிச்சம்.

உச்சியில் மட்டும் கூட்டம் சேரவில்லை. 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் 2018-ல் 12,737 பேர்; 2019-ல் 17,693 பேர். தேர்வே நடத்தாமல், பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பின் உள்மதிப்பீடு ஆகியவற்றை 30:30:40 என்ற விகிதத்தில் சேர்த்து முடிவு அறிவிக்கப்பட்ட 2021-ல் இந்த எண்ணிக்கை 70,004-ஐத் தொட்டது. அந்த ஆண்டு தேர்ச்சி விகிதம் 99.37 சதவீதம். பெருந்தொற்று ஓய்ந்த பிறகு எண்ணிக்கை இறங்கியது. ஆனாலும் பழைய நிலைக்குப் போகவில்லை. 2025-ல் 24,867 பேர் 95-ஐத் தாண்டினர்.

இந்த உயர்வுக்கு மாணவர்களின் உழைப்பு மட்டுமே காரணம் என்று வாரியங்களே நம்பவில்லை. வினாத்தாள் கடினமாக இருந்தாலோ, வெவ்வேறு பகுதிகளுக்குத் தரப்பட்ட வினாத்தாள்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு இருந்தாலோ அதைச் சமன்செய்ய மதிப்பெண் கூட்டுவது நெடுநாளைய வழக்கம். 'மாடரேஷன்' என்று அதற்குப் பெயர். நோக்கம் நல்லதுதான். நாளடைவில் அது வாரியங்களுக்கு இடையிலான பந்தயமாக மாறியது. தன் மாணவர்கள் கல்லூரி வாசலில் பின்தங்கிவிடக் கூடாது என்று ஒரு வாரியம் ஐந்து மதிப்பெண் கூட்டினால், அடுத்த மாநிலம் எட்டு கூட்டும். சி.பி.எஸ்.இ. மதிப்பெண்களின் பரவலை ஆராய்ந்தவர்கள், 95 என்ற எண்ணில் இயல்புக்கு மாறான ஒரு குவியல் இருப்பதைச் சுட்டிக்காட்டினர்.

2017 ஏப்ரலில் சி.பி.எஸ்.இ.யும் 32 வாரியங்களும் தில்லியில் கூடி, இந்த வழக்கத்தைக் கைவிட முடிவு செய்தன. ஆனால் அப்போது தேர்வுகள் முடியும் தறுவாயில் இருந்தன. விதியை நடுவழியில் மாற்றுவது நியாயமல்ல என்று பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். அந்த ஆண்டுக்குப் பழைய முறையே தொடர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் மே 23-ல் உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் முடிவுகள் வெளியாயின. எல்லா வாரியங்களும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒழிய யாரும் முதலில் நிறுத்த முடியாத ஆட்டம் அது.

நூற்றுக்கு நூறு கேட்ட கல்லூரிகள்

இந்தப் பந்தயத்தின் மறுமுனையில் தில்லிப் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கு இளநிலைப் படிப்புகளுக்குச் சுமார் 70,000 இடங்கள். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்ணே நுழைவுச் சீட்டு. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கட்-ஆஃப்' அறிவிக்கும். பிளஸ் 2-ல் வணிகவியல் படிக்காதவர்கள் பி.காம். (ஹானர்ஸ்) சேர வேண்டுமானால் 100 சதவீதம் தேவை என்று 2011-ல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. பத்தே ஆண்டுகளில் அதிர்ச்சி பழகிவிட்டது. 2021-ல் இந்துக் கல்லூரியின் அரசியல் அறிவியல், ஹன்ஸ்ராஜ் கல்லூரியின் கணினி அறிவியல், ஸ்ரீராம் கல்லூரியின் பொருளாதாரம், வணிகவியல் என ஒன்றன்பின் ஒன்றாக நூறு விழுந்தது.

தில்லிப் பல்கலைக்கழகம் முழுவதிலும் இருக்கும் இடங்களுக்கு இணையான எண்ணிக்கையில், ஒரே ஒரு வாரியத்தில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் இருந்த ஆண்டு அது. கேரள வாரியத்தில் முழு மதிப்பெண் பெற்று வந்த மாணவர்கள் மீது அப்போது சந்தேகக் கண் விழுந்து, அரசியல் சர்ச்சையாகவும் வெடித்தது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒரே தராசில் வைப்பதில் இருந்த சிக்கலுக்கு, அதிகமாக மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் பழி சுமந்தனர்.

2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு தீர்வு ஒன்றை முன்வைத்தது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் இளநிலைச் சேர்க்கை இனிப் பொது நுழைவுத் தேர்வு (கியூட்) வாயிலாகவே நடக்கும். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 15 லட்சம் பேர் பதிவு செய்தனர். நூறு சதவீதக் கட்-ஆஃப் ஒரே நாளில் மறைந்தது. அதோடு பிளஸ் 2 மதிப்பெண்ணின் மதிப்பும் போயிற்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் அது இப்போது தேர்ச்சிக்கான அத்தாட்சி. இரண்டு பேர் நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றால், யாரை முன்னால் நிறுத்துவது என்று பார்க்க, பிளஸ் 2-ன் மூன்று சிறந்த பாடங்களின் மதிப்பெண் எடுத்துப் பார்க்கப்படும். அவ்வளவே.

பொறியியலில் இது முன்பே நடந்துவிட்டது. ஜே.இ.இ. மெயின் தரவரிசையில் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்கு 40 சதவீத எடை 2013-ல் தரப்பட்டது. பள்ளிக்கு மாணவர்களைத் திரும்ப அழைப்பதே அதன் நோக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2017-ல் அந்த எடை நீக்கப்பட்டது. மருத்துவத்திலும் பிளஸ் 2 என்பது தாண்ட வேண்டிய வாசற்படி மட்டுமே.

விளைவை வகுப்பறைகளில் காணலாம். பெயரளவில் ஒரு பள்ளியில் சேர்ந்து, நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் இருக்கும் மாணவர்களுக்காகவே இயங்கும் பள்ளிகள் பெருகின. போலி மாணவர் சேர்க்கை உள்ளிட்ட முறைகேடுகளுக்காக 2024 மார்ச்சில் 20 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. நவம்பரில் மேலும் 21 பள்ளிகள். முதலிட மாணவரின் புகைப்படமும் இடம் மாறிவிட்டது. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருந்த முகம், பயிற்சி மையங்களின் முழுப் பக்க விளம்பரத்துக்குப் போய்விட்டது. ஒரே மாணவர் மூன்று மையங்களின் விளம்பரத்தில் சிரித்த கூத்தும் நடந்ததால், தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்துமூலம் சம்மதம் பெறாமல் மாணவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை வகுக்க வேண்டியதாயிற்று.

மாநிலங்களில் மாலைகள் தொடர்கின்றன

தில்லி வாரியங்கள் கைவிட்டதை இந்தி மாநிலங்கள் கைவிடவில்லை. முதலிடத்தால் மிகப் பெரிய அவமானத்தைச் சந்தித்த பிகாரே இன்றும் முதலிடங்களை ஆரவாரமாக அறிவிக்கிறது. 2016-ல் கலைப் பிரிவில் முதலிடம் பெற்ற மாணவி, அரசியல் அறிவியல் சமையலைப் பற்றியது என்று தொலைக்காட்சி முன் சொன்னதிலிருந்து முறைகேடு வெளிவந்தது. வாரியத் தலைவராக இருந்த லால்கேஷ்வர் பிரசாத் சிங் கைதானார். அடுத்த ஆண்டும் கலைப் பிரிவில் முதலிடம் பெற்றவர் வயதை மறைத்ததாகக் கைது செய்யப்பட்டார். அதன்பின் ஒரு விசித்திர நடைமுறை வந்தது: முதல் இடங்களுக்கு வரும் மாணவர்களைப் பாட்னாவுக்கு அழைத்து, வல்லுநர்கள் நேரில் கேள்வி கேட்டு, கையெழுத்தையும் ஒப்பிட்ட பிறகே முடிவு வெளியிடப்படுகிறது. நன்றாகப் படித்த குற்றத்துக்காக நடக்கும் விசாரணை என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் நேர்மையாக முதலிடம் பெற்ற கிராமத்துப் பிள்ளையை அடுத்த நாள் யாரும் சந்தேகிக்க முடியாது என்பதும் உண்மை. முதல் பரிசு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. 2025-ல் 2 லட்சமாக உயர்ந்தது. மடிக்கணினியும் உண்டு.

உத்தரப் பிரதேசத்தின் கதை சுவையானது. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 இரண்டுக்கும் சேர்த்து 50 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்யும் வாரியம் அது. பொதுப்பணித் துறையைக் கவனித்த துணை முதல்வர் கேசவ் பிரசாத் மௌரியா, முதலிடங்களைப் பெறும் மாணவர்களின் வீடு வரை சாலை போடப்படும் என்று அறிவித்தார். 'டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் கௌரவப் பாதை' என்று அதற்குப் பெயர். ராமேசுவரத்தில் பிறந்தவரின் பெயரில் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பாதை. அதன் முனையில் மாணவரின் பெயர் தாங்கிய பலகை. மற்றப் பரிசுகள் வீட்டுக்குள் போய்விடும். இந்தப் பரிசில் ஊரே நடக்கும். மாணவர் ஒருவர் முதலிடம் பெறும் வரை அந்த ஊருக்கு ஏன் சாலை இல்லை என்று கேட்கத் தோன்றுவதும் இயல்பு.

ராஜஸ்தான் மாநிலத்தில் மாணவியருக்கு ஸ்கூட்டர் தரும் திட்டம் காளிபாய் பீலின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1947-ல் துங்கர்பூர் சமஸ்தானத்தில் தன் ஆசிரியரைக் காப்பாற்ற முயன்று சுட்டுக் கொல்லப்பட்ட பழங்குடிச் சிறுமி அவர். மாநில வாரியத்தில் படித்தவர்களுக்கு 65 சதவீதமும், சி.பி.எஸ்.இ.யில் படித்தவர்களுக்கு 75 சதவீதமும் தகுதி மதிப்பெண்ணாக வைக்கப்பட்டன. மத்தியப் பிரதேசம் 2017-ல் தொடங்கிய முதல்வர் திறன் மாணவர் திட்டம் இன்னும் வெளிப்படையானது. மாநில வாரியத்தில் 70 சதவீதம் அல்லது சி.பி.எஸ்.இ.யில் 85 சதவீதம் பெற்று, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால், உயர்கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. மாநில வாரியத்தின் 70-ம் மத்திய வாரியத்தின் 85-ம் ஒன்றுதான் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது இது. வாரியங்களை ஒப்பிடும் கலை தில்லியில் கருத்தரங்கப் பொருளாக இருக்கையில், போபாலில் அது விண்ணப்பப் படிவத்திலேயே ஏறிவிட்டது.

பிகாரில் முதலிடப் பரிசைவிட அதிகம் பேரைச் சென்றடைவது வேறொன்று. பிளஸ் 2 தேர்ச்சி பெறும் திருமணமாகாத மாணவியர் ஒவ்வொருவருக்கும் முன்பு 10,000 ரூபாய் தரப்பட்டது. 2021-ல் அது 25,000 ஆயிற்று. எத்தனையாவது இடம் என்ற கேள்வியே அதில் இல்லை. தேர்ச்சி பெற்றாரா, இன்னும் மணம் முடிக்கவில்லையா என்ற இரண்டு கேள்விகள் மட்டுமே.

மாதம் ஆயிரம் ரூபாய்

மத்திய அரசு தரும் அங்கீகாரத்துக்கு விளம்பரம் குறைவு. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகைத் திட்டம் 2008-ல் தொடங்கியது. ஒவ்வொரு வாரியத்திலும் தன் பிரிவில் தேர்ச்சி பெற்றோரில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர்; அதில் பாதி மாணவியர். அறிவியல், வணிகவியல், கலை ஆகிய பிரிவுகளுக்கு 3:2:1 என்ற விகிதத்தில் இடங்கள் பிரிக்கப்படுகின்றன. வாரியத்துக்கு வாரியம் வேறுபடும் மதிப்பெண்ணைப் பார்க்காமல், அந்தந்த வாரியத்துக்குள் மாணவர் நிற்கும் இடத்தைப் பார்ப்பதால், மாடரேஷன் பந்தயம் இதைத் தொடுவதில்லை. வடிவமைப்பில் இதைவிட நியாயமான திட்டம் இல்லை என்றே சொல்லலாம்.

குறை தொகையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாயாக இருந்தது, பின்னர் 12,000 ஆனது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டிய கமலா நகரில் தங்கிப் படிக்கும் வெளிமாநில மாணவருக்கு, ஓர் ஆண்டு உதவித்தொகை இரண்டு மாத அறை வாடகைக்கு எட்டுவதே கடினம். எண்ணிக்கையும் அப்படியே. 2025-ல் சி.பி.எஸ்.இ. பிளஸ் 2-ல் தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 15 லட்சம். அதில் முதல் 20 சதவீதம் என்றால் 3 லட்சம் பேர், ஒரே வாரியத்தில். நாடு முழுவதற்கும் இருப்பதோ 82,000. புதிதாகச் சேரும் 82,000 பேருக்கும் ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு 98.4 கோடி ரூபாய்தான்.

அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு 'இன்ஸ்பயர்' திட்டம் இருக்கிறது. வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் போன்ற பாடங்களை எடுத்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகும் கூட்டத்திலிருந்து சிலரையாவது அறிவியலுக்கு இழுக்கும் முயற்சி இது. ஆண்டுக்கு 12,000 பேருக்கு என்று திட்டமிடப்பட்டது.

வாரியமே தரும் பாராட்டும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் அதிக மதிப்பெண் பெற்ற 0.1 சதவீதத்தினருக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. 1 லட்சம் பேர் எழுதிய பாடத்தில் 100 பேர். மொத்தத்தில் முதலிடம் என்பதைவிட, வரலாற்றில் சிறந்த நூறு பேர், வேதியியலில் சிறந்த நூறு பேர் என்று சொல்வது படிப்புக்கு நெருக்கமானது. அதேபோல, மதிப்பெண் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் ஏ1, ஏ2 என்ற எழுத்துகளும் கவனிக்கத்தக்கவை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றோரை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று தரப்படுகிறது. கடினமான தாளில் 88 எடுத்தவர், எளிய தாளில் 94 எடுத்தவரைவிடத் தன் சக மாணவர்களிடையே மேலே நிற்கக்கூடும் என்பதை அந்த எழுத்து சொல்லிவிடும். ஆனால் அதைப் படித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. பெற்றோர் எண்ணைப் பார்க்கின்றனர்; பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வைப் பார்க்கிறது.

அடுத்த மாற்றத்துக்கான ஆலோசனைகளும் மேசையில் இருக்கின்றன. வாரியங்களுக்கிடையே சமநிலை காண்பதற்காக என்.சி.இ.ஆர்.டி.யில் 2023-ல் அமைக்கப்பட்ட 'பரக்' என்ற மதிப்பீட்டு மையம், பிளஸ் 2 முடிவில் ஒன்பதாம் வகுப்புக்கு 15 சதவீதம், பத்தாம் வகுப்புக்கு 20, பதினொன்றுக்கு 25, பன்னிரண்டுக்கு 40 என்று எடை தரலாம் என 2024-ல் பரிந்துரைத்தது. ஒரே மார்ச் மாதத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பதைவிட நான்கு ஆண்டு உழைப்பைக் கணக்கில் கொள்வது நல்லது என்பது அதன் வாதம். நான்கு ஆண்டுகளும் தேர்வுப் பயத்தில் கழியுமே என்பது ஆசிரியர்கள் சிலரின் கவலை. 2021-ல் பழைய வகுப்புகளின் மதிப்பெண்ணைச் சேர்த்தபோது என்ன நடந்தது என்பதையும் அவர்கள் மறக்கவில்லை.

இதற்கிடையே, மத்திய உதவித்தொகை பெறும் மாணவர் அதை அடுத்த ஆண்டும் பெறக் கல்லூரித் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் காட்டி, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்காகப் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு அந்த 75 சதவீதம்தான் இடிக்கிறது.